சீருடையோடு இரண்டு பாடமா? செனாய் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எஸ்பிஎம் முடிவு கைக்கு வந்ததும் சில பிள்ளைகள் உறுதியாகச் சொல்வார்கள்: "படையில் அதிகாரியாகணும், பொறியியலும் படிக்கணும், கூடவே இன்னொரு துறையும் வேணும்." ஆசை நல்லதுதான். அதற்குச் செனாயிலிருந்து எந்தெந்த வழிகள் உண்டு, எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில் சொல்லைப் புரிந்துகொள்வோம்

இரட்டை மேஜர் என்றால் ஒரே பட்டத்துக்குள் இரண்டு முதன்மைப் பாடங்கள். இரண்டு தனித்தனிப் பட்டம் பெறுவது வேறு. சில பாடங்களை மட்டும் கூடுதலாக எடுக்கும் மைனர் வேறு. மலேசியாவில் ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் உழைப்பு 40 மணி நேரம் என்பது கணக்கு. ஹானர்ஸ் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். இரண்டாவது மேஜருக்காக 30 கிரெடிட் கூடினால் 1,200 மணி நேரம் கூடுகிறது. அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

வழி 1: சுங்கை பீசி

மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம், அதாவது யுபிஎன்எம், கோலாலம்பூர் சுங்கை பீசி முகாமில் இருக்கிறது; செனாயிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். 1995-இல் ராணுவ அகாடமியாகத் தொடங்கியபோது அதற்குப் பட்டம் வழங்கியது நம் பக்கத்து மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது யுடிஎம்தான். 2006-இல் அது பல்கலைக்கழகமானது. பொறியியல், தற்காப்பு அறிவியல், நிர்வாகம், மருத்துவம் ஆகிய துறைகள் உண்டு.

இங்கே கேடட் காலையில் அணிவகுப்பு மைதானத்தில் நிற்கிறார், பிறகு வகுப்புக்குப் போகிறார், விடுமுறையிலும் பயிற்சிக்குப் போகிறார். ராணுவமே அவருடைய இரண்டாவது மேஜர். அதற்கு மேல் மூன்றாவதாக ஒரு சுமை தேவையா என்று யோசியுங்கள். படைவாழ்வில் சந்தேகமே இல்லாதவருக்கு இதுவே சரியான வழி.

வழி 2: ஸ்கூடாய் யுடிஎம், கூடவே பாலாப்பேஸ்

வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பொதுமாணவராகப் பட்டம் படித்துக்கொண்டே, ரிசர்வ் அதிகாரிகளுக்கான பாலாப்பேஸில் மூன்று ஆண்டுகள் பயிற்சி பெறலாம். வார இறுதிகளும் ஆண்டு முகாமும் அதற்குப் போகும். முடிவில் லெப்டினன் மூடாவாக ஆணை பெறுவீர்கள். ஆனால் ரிசர்வ் படையில்தான். நிரந்தரப் பணிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வார நாட்கள் கையில் இருப்பதால், மைனராக இன்னொரு துறையைத் தொட்டுப்பார்க்க இங்கே இடம் அதிகம். மனம் இன்னும் முழுதாக முடிவாகாதவருக்கு ஏற்ற வழி இது.

வழி 3: பட்டம் முதலில், படை பிறகு

விரும்பிய பல்கலைக்கழகத்தில் இரட்டை மேஜரையே எடுத்து முடித்துவிட்டு, பட்டதாரி கேடட்டாக விண்ணப்பிக்கலாம். படிப்புக்கு முழு நேரமும் கிடைக்கும். ஆனால் கட்டணத்தைக் குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும். வயது வரம்பையும் உடல்தகுதியையும் நான்கு ஆண்டுகளும் கவனத்தில் வைக்க வேண்டும். இரண்டு பாடமும் உயிர் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டு அகாடமிகள்

அமெரிக்காவின் கொலராடோ விமானப்படை அகாடமியிலும் அனாபொலிஸ் கடற்படை அகாடமியிலும் இரட்டை மேஜர் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்காகப் படிப்புக்காலம் நீளாது. நான்கு ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் ஓர் அகாடமியில் ஒரே நேரத்தில் 60 பேர் வரை மட்டுமே. அதுவும் அவரவர் அரசு அனுப்பினால்தான்.

கையெழுத்திடும் முன்

- ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுப் பணி? இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.
- முதல் இரண்டு செமஸ்டர் மதிப்பெண் எப்படி? அது உறுதியாக இருந்தால் மட்டும் கூடுதல் பாடத்தைத் தொடுங்கள்.
- இரண்டாவது துறை எதற்கு? படையை விட்டு வந்த பின் பிழைப்புக்கு என்றால், பணியில் இருக்கும்போதே முதுகலையாக அதைப் படிக்க முடியுமா என்று கேளுங்கள்.

அதிகாரியின் முடிவை நம்பித்தான் படைவீரர்கள் நடக்கிறார்கள். அரைத்தூக்கத்தில் படித்த இரண்டு பாடங்களைவிட, ஆழமாகப் படித்த ஒன்றுதான் அவர்களைக் காக்கும். சுங்கை பீசிக்குப் போகும் பிள்ளையிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு துறையைப் பிடியுங்கள், அதில் தேர்ந்தவராகுங்கள். இரண்டாவது துறை எங்கேயும் ஓடிவிடாது.