‘ஏற்கிறேன்’ அழுத்திய பிறகு செய்ய வேண்டியவை

2005-ஆம் ஆண்டு பிசி பிட்ஸ்டாப் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் தன் உரிம ஒப்பந்தத்தின் நடுவே ஒரு வரியைச் செருகி வைத்தது. குறிப்பிட்ட முகவரிக்கு மின்னஞ்சல் எழுதுபவருக்குப் பணம் தரப்படலாம் என்பது அந்த வரி. நான்கு மாதங்கள் ஓடி, மூவாயிரம் பேர் வரை மென்பொருளை இறக்கிக்கொண்ட பிறகுதான் ஒருவர் எழுதினார்; 1,000 டாலர் கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ‘ஆகவே படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்’ என்று முடிப்பது வழக்கம். நல்ல அறிவுரைதான், ஆனால் நடக்காத காரியம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலீசியா மெக்டொனால்டும் லோரி கிரேனரும் 2008-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஓர் அமெரிக்கர் தான் போய்வரும் இணையதளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை மட்டும் படித்து முடிக்க ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வந்தது. தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 25 நாள் வேலை. ஆங்கிலச் சட்ட நடையோடு மல்லுக்கட்டும் நமக்கு இன்னும் கூடுதலாகும். அப்படியே படித்தாலும் பேரம் பேச இடமில்லை. விண்டோஸ் ஒப்பந்தத்தை ஏற்க மனமில்லாதவருக்கு அந்த ஒப்பந்தமே சொல்லும் வழி, கணினியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுப் பார்ப்பதுதான்.

படித்தவருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. அதே 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைக் குறுந்தகடுகளைக் கணினியில் போட்டவர்கள் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றார்கள். அதன் வழியே உள்ளே போய் அமர்ந்த நிரல் கணினியின் ஆழத்தில் தன்னை ஒளித்துக்கொள்ளும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மார்க் ருசினோவிச் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்து வெளியிட்ட பிறகே நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. அவாஸ்ட் கதை இன்னும் கசப்பானது. வைரஸிலிருந்தும் வேவு பார்ப்பவர்களிடமிருந்தும் காப்பதாகச் சொல்லிக் கோடிக்கணக்கான கணினிகளில் புகுந்த அந்த நிறுவனம், பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற பதிவை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றுவந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தின, ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஒப்பந்தத்தின் சொற்களை மட்டும் நம்பியிருப்பதால் பயன் குறைவு.

பயன் தருவது எது என்பதைப் பிரான்சில் நடந்த ஒரு விவகாரம் காட்டுகிறது. விண்டோஸ் 10 வெளிவந்த மறு ஆண்டு, 2016-இல், அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், தேவைக்கு மேல் தகவல் திரட்டுவதாக மைக்ரோசாஃப்டுக்கு முறையான எச்சரிக்கை அனுப்பியது. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதுவரை நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அடுத்த ஆண்டு எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையில் மைக்ரோசாஃப்ட் அடிப்படை நிலையில் திரட்டும் தகவலை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருந்தது. நிறுவும்போதே பயனர் தேர்ந்தெடுக்கும்படி திரைகளையும் மாற்றியிருந்தது. ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை மொத்தமாக ஏற்கலாம் அல்லது விலகலாம், அவ்வளவுதான். உண்மையான தேர்வு அதற்கு அடுத்து வரும் திரைகளில் இருக்கிறது. ஆகவே உங்களிடம் அரை மணி நேரம்தான் உண்டு என்றால் ஒப்பந்தத்தில் ஐந்து நிமிடமும் அமைப்புகளில் மீதி நேரமும் செலவிடுங்கள்.

புது விண்டோஸ் 11 கணினியை முதன்முதலில் திறக்கும்போது, ஒப்பந்தத் திரைக்குப் பின் வரிசையாகச் சில கேள்விகள் வரும். இருப்பிடம், தொலைந்த கருவியைக் கண்டறிதல், டயக்னாஸ்டிக் தகவல், எழுத்துப் பழக்கம், ஆலோசனைகள், விளம்பர அடையாள எண் என்று அவை போகும். பெரும்பாலும் ‘சரி’ என்பதே முன்கூட்டித் தேர்வாகியிருக்கும்; ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டே போகிறவர் அத்தனைக்கும் சம்மதம் தந்துவிடுவார். நகராத மேசைக் கணினிக்கு இருப்பிடமும் வேண்டாம், கண்டறியும் வசதியும் வேண்டாம். வெளியே எடுத்துப்போகும் மடிக்கணினி என்றால் இவ்விரண்டையும் வைத்திருப்பதில் நியாயம் உண்டு. எழுத்துப் பழக்கம், ஆலோசனை, விளம்பர எண் மூன்றையும் அணைத்துவிட்டால் கணினியின் வேலையில் எந்தக் குறையும் தெரியாது.

டயக்னாஸ்டிக் தகவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குழப்பம் அதிகம் அங்கேதான். இது இரண்டு வகை. கட்டாய வகையில் கணினியின் வன்பொருள், அமைப்புகள், சரியாக ஓடுகிறதா என்ற விவரங்கள் போகும். வீட்டுப் பதிப்பில் இதை அணைக்க வழியில்லை. விருப்ப வகையில் மைக்ரோசாஃப்ட் உலாவியில் நீங்கள் பார்த்த தளங்களும் செயலிகளைப் பயன்படுத்தும் விதமும் சேரும். இன்னொன்றும் உண்டு: ஒரு நிரல் முடங்கும் நேரத்தில் நினைவகத்தில் இருந்தவையும் போகலாம். அப்போது திறந்திருந்த கோப்பின் பகுதிகள் தற்செயலாக அதில் கலந்துவிடக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. வருமான வரிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் கணினி உறைந்துபோவது அபூர்வமான நிகழ்ச்சியா என்ன? செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்’ போய் ‘ஆப்ஷனல்’ என்ற சொல் வரும் பொத்தானை அணையுங்கள். அதே பக்கத்தில் இதுவரை போனதை அழிக்கும் பொத்தானும், என்ன போகிறது என்று பார்க்கும் வசதியும் உண்டு. பார்த்தால் பாதி புரியாது. ஆனாலும் ஒருமுறை பாருங்கள்.

‘இதை அணைத்தால் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடுமே’ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். நிற்காது, அப்டேட்டுக்குக் கட்டாய வகையே போதும். பிழைகளைச் சரிசெய்யத் தகவல் தேவை என்ற நிறுவனங்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்காகத்தான் கட்டாய வகை இருக்கிறது. அதற்கு மேலும் தருவது உங்கள் தாராளம். ‘மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது’ என்பது இன்னொரு மறுப்பு. கேட்பவர் தன்னை மட்டும் நினைத்துக் கேட்கிறார். வீட்டுக் கணினி ஒருவருடையதாக இருப்பது அரிது. அப்பாவின் ஓய்வூதியத் தாள், அம்மாவின் மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் தேடல்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், எல்லோருடைய ஆதார் நகல் என்று எல்லாம் அதில்தான் கிடக்கும். பொத்தானை அழுத்தியவர் ஒருவர். தகவல் நான்கு பேருடையது. இதே காரணத்தால்தான் ‘போனிலேயே எல்லாம் போய்விட்டதே’ என்ற சலிப்பும் சரியில்லை. போனில் இருப்பது பெரும்பாலும் ஒருவரின் அன்றாடம்; கணினியில் இருப்பது குடும்பத்தின் ஆவணங்கள். ஆளுக்கொரு பயனர் கணக்கு போட்டுக் கொடுங்கள். விளம்பர அடையாள எண் ஒவ்வொரு கணக்குக்கும் தனி என்பதால், ஒருவர் அணைத்தது மற்றவருக்குச் செல்லாது. ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து அணைக்க வேண்டும்.

அடுத்து ஒன்டிரைவ். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியைத் தொடங்கினால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகள் நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் பிரதியாகத் தொடங்கும். சில கணினிகளில் தனியாகக் கேட்காமலே தொடங்கிவிடுகிறது. இலவச இடம் 5 ஜிபிதான் என்பதால் ‘இடம் நிறைந்துவிட்டது’ என்று செய்தி வரும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. வட்டு பழுதானால் படங்கள் தப்பிக்கும் என்பது இதன் நன்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. எதை அனுப்புவது என்று நீங்கள் முடிவுசெய்தால் போதும்: படங்களை விட்டுவைத்து டாக்குமென்ட்ஸை நிறுத்தலாம். ஓர் எச்சரிக்கை. பிரதி எடுப்பதை நிறுத்தியதும் கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறையிலேயே தங்கிவிட, டெஸ்க்டாப் காலியாகத் தெரியக்கூடும். பதறாமல் இருக்க, முதலில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலோ வெளி வட்டிலோ நகல் எடுத்துவிட்டு நிறுத்துங்கள். கேமரா, மைக் அனுமதிகளும் அதே ‘பிரைவசி’ பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கே தனித்தனியாக அணைக்க முடிவது ஸ்டோர் வழியாக வந்த செயலிகளைத்தான். பழைய பாணியில் நிறுவிய மென்பொருள்களுக்கு மொத்தமாக ஒரே பொத்தான்; அவற்றில் சில அதற்கும் கட்டுப்படாமல் போகலாம். கேமராவுக்கு மூடி இருந்தால் மூடி வைப்பதே நம்பகமானது.

வெளி மென்பொருள்களை நிறுவும்போது ‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு வழி காட்டினால் எப்போதும் கஸ்டம் வழியிலேயே போங்கள். ஜாவாவை நிறுவியவர்களின் உலாவியில் பல ஆண்டுகள் ஆஸ்க் டூல்பார் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், முன்கூட்டியே டிக் போட்டிருந்த ஒரு சிறு கட்டம். ஒப்பந்தத்துக்கென்று ஒதுக்கிய ஐந்து நிமிடத்தை இங்கே செலவிடலாம். நிறுவனத்தின் தளத்தில் தனியுரிமைக் கொள்கையைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தித் தேடுங்கள். ஷேர், செல், தேர்ட் பார்ட்டி, அஃபிலியேட்ஸ், ரீட்டெய்ன், டிரெயின் ஆகிய ஆறு ஆங்கிலச் சொற்களைத் தேடி, அவை வரும் வாக்கியங்களை மட்டும் படித்தாலே பாதிக்கு மேல் விளங்கிவிடும். இலவச மென்பொருளின் கொள்கையில் விளம்பரக் கூட்டாளிகள் என்ற பேச்சு வந்தால், வேறு மென்பொருள் தேடுவது உத்தமம். ‘டிரெயின்’ என்ற சொல்லில் அவசர முடிவு வேண்டாம். 2024 ஜூனில் அடோபியின் புது விதிகளைப் பார்த்து, தங்கள் படைப்புகளைச் செயற்கை நுண்ணறிவுக்குத் தீனியாக்குகிறார்கள் என்று கலைஞர்கள் கொதித்தார்கள். அப்படிச் செய்வதில்லை என்று நிறுவனம் விளக்கி, விதிகளைத் திருத்தி எழுதியது.

‘இத்தனை தொல்லை எதற்கு, லினக்ஸுக்கு மாறிவிடலாமே’ என்பவர்கள் சொல்வதில் பெருமளவு உண்மை இருக்கிறது. கடிதம், கணக்கு, இணையம் மட்டும் போதும் என்ற வீட்டுக்கு அது நல்ல தீர்வே. ஆனால் வணிகக் கணக்கு மென்பொருளான டேலியும் பள்ளியின் குறிப்பிட்ட மென்பொருளும் வேண்டும் என்கிற வீட்டில் அது சிரமம். தவிர, விதிகள் மாறுவது அங்கேயும் உண்டு. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும், தனியுரிமைக்குப் பேர்போன ஃபயர்பாக்ஸ் உலாவிக்கே 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகள் வந்தன. உங்கள் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம் என்ற பழைய வாக்குறுதி தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அதை உருவாக்கும் மொசில்லா விதிகளின் சொற்களைத் திருத்தியது. மென்பொருளை மாற்றினாலும் அமைப்புகளைப் பார்க்கும் பழக்கம் கூடவே வர வேண்டும். பெரிய அப்டேட் ஒவ்வொன்றும் முடிந்ததும் மேலே சொன்ன பக்கங்களைத் திறந்து, அணைத்தவை அணைந்தே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சட்டம் துணைக்கு வருமா? இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்க, அதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். அதுவே தரும் எடுத்துக்காட்டில், தொலைமருத்துவச் செயலி ஒன்று போனின் தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனர் சரி என்றாலும், மருத்துவத்துக்குத் தேவையற்ற அந்தப் பகுதிக்கான சம்மதம் செல்லாது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். சம்மதக் கோரிக்கையைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் பார்க்கும் வசதியும் தர வேண்டும். அந்த நாள் வந்ததும் தமிழில் கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. நம் ஊர்களில் கணினி வாங்கினால் கடைக்காரரே விண்டோஸ் போட்டு, ஒப்பந்தத்தை அவரே ஏற்று, எல்லாத் திரைகளையும் ‘நெக்ஸ்ட்’ தட்டி முடித்துத்தான் கையில் தருகிறார். சில இடங்களில் அவருடைய மின்னஞ்சலிலேயே கணக்கும் தொடங்கியிருக்கும். திருட்டுப் பிரதியை ஓடவைக்கும் கிராக் நிரலுக்காக வைரஸ் தடுப்பை அணைத்து வைத்திருப்பதும் உண்டு. அப்படி வந்த கணினியில் மேலே சொன்ன எதைச் செய்தும் பலன் குறைவு. செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ பக்கத்தைத் திறந்து அங்கே இருப்பது யாருடைய முகவரி என்று இன்றே பாருங்கள்; உங்களுடையது இல்லையென்றால் மாற்றுங்கள். அடுத்த முறை கணினி வாங்கும்போது, அசல் விண்டோஸோடு பெட்டியைப் பிரிக்காமல் தரும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். அந்தத் திரைகளை வீட்டில் நீங்களே உட்கார்ந்து அழுத்திக்கொள்ளலாம்.