தேர்வுரிமை யாருக்கு? – கல்விச் சீட்டுக் கோட்பாடும் சிலி நாட்டு நடைமுறையும்

முன்னுரை

குழந்தையின் கல்வியைத் தீர்மானிக்க வேண்டியது குடும்பமா, அரசா என்னும் வினா தடையிலாச் சந்தைச் சிந்தனையில் முதன்மையான இடம் பெறுகிறது. அவ்வினாவிற்கு மில்டன் ஃபிரீட்மன் அளித்த விடையையும், அது சிலி நாட்டில் நடைமுறையானபோது நேர்ந்த விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 'தேர்வு' என்னும் தமிழ்ச்சொல் வேண்டியதைத் தெரிந்தெடுத்தலையும் தகுதியறியும் சோதனையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் இவ்வாய்விற்குத் திறவுகோலாகின்றன.

கோட்பாடு

கல்வி பெறச் செய்வது அரசின் கடமை. ஆனால் மக்களின் கல்வி முழுவதையும் அரசே தன் கையில் கொண்டால் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவர் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வாதிட்டார். கல்விக்குச் செலவிடுதல் வேறு, பள்ளியை நடத்துதல் வேறு என 1955இல் ஃபிரீட்மன் பிரித்துக்காட்டினார். ஒருவர் பெறும் கல்வியால் சமுதாயமும் பயனடைவதால் அரசு செலவை ஏற்கலாம். அத்தொகையை வவுச்சர் எனப்படும் கல்விச் சீட்டாகப் பெற்றோர்க்கு அளித்தால், அவர்கள் விரும்பிய பள்ளியை நாடுவர். போட்டியால் தரம் உயரும் என்பது அவர் கருத்து. பெற்றோர் தம் பணத்தையும் சேர்த்துச் செலவிட அவர் இடமளித்தார்.

அறிவாளர் பங்கு

புதிய கருத்தைப் படைப்போரைக் காட்டிலும் அதனைப் பரப்பும் ஆசிரியர், இதழாளர் முதலிய அறிவாளரே காலப்போக்கில் அரசியலின் திசையைத் தீர்மானிக்கின்றனர் என்று ஹாயெக் 1949இல் எழுதினார். சமதர்மம் பரவியதை விளக்க எழுந்த இக்கருத்து சந்தைக் கோட்பாட்டிற்கும் பொருந்துவதைச் சிலி காட்டுகிறது. சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1956இல் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்வழிப் பயின்ற பொருளியலாளர், 1973இல் தொடங்கிய இராணுவ ஆட்சியில் கொள்கை வகுப்போராயினர்.

நடைமுறை

1981 முதல் மாணவர் வருகைக்கேற்ப அரசுத் தொகை நகராட்சிப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் வழங்கப்பட்டது. சீட்டு எதுவும் பெற்றோர் கைக்கு வரவில்லை. தொகை பள்ளிக்கே நேராகச் சென்றது. நிதியுதவி பெறும் தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் கூடுதல் கட்டணம் பெற 1993இல் வழி விரிவாக்கப்பட்டது. நேர்காணல், நுழைவுச் சோதனை ஆகியவற்றால் பள்ளிகள் மாணவரை வடிகட்டின. பெற்றோரின் தேர்வாகத் தொடங்கியது பள்ளியின் தேர்வாக மாறியது. சராசரிக் கல்வித்தரம் உயர்ந்ததற்குச் சான்றில்லை; வசதிமிக்க குடும்பத்துப் பிள்ளைகள் பொதுப்பள்ளிகளை விட்டு நீங்கினர் என ஷியே, உர்கியோலா ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. அவ்வாண்டிலும் 2011இலும் மாணவர் வீதிக்கு வந்து போராடினர். 2008ஆம் ஆண்டுச் சட்டம் வறிய மாணவர்க்குக் கூடுதல் தொகை வழங்கியது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிதி பெறும் பள்ளிகளில் மாணவரை வடிகட்டுதல், கட்டணம், இலாபம் ஆகியவற்றைப் படிப்படியாக நீக்க வழிசெய்தது.

முடிவுரை

2015ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பள்ளிக்கான அரசு நிதியையோ பெற்றோரின் உரிமையையோ ஒழிக்கவில்லை என்பது கருதத்தக்கது. அரசின் பிடியிலிருந்து குடும்பத்தை விடுவிக்க எழுந்த கோட்பாடு, பள்ளியின் வாயிலில் நிற்கும் வறிய குடும்பத்தைக் காக்க அரசின் விதியையே நாட நேர்ந்தது. கட்டணம் செலுத்த இயலாதவர்க்கும் பள்ளிக்கதவு திறந்திருக்கும்போதே தெரிந்தெடுக்கும் உரிமை பொருளுடையதாகும். அந்நிலையை உருவாக்கும் பொறுப்பைச் சந்தை தானே ஏற்கவில்லை என்பது சிலியின் பட்டறிவால் புலனாகிறது.