நீடித்த நோயுள்ள இளைஞருக்கு மருந்தாளுநரின் துணை

நாட்பட்ட நோய் என்றவுடன் முதியோரையே நாம் நினைக்கிறோம். ஆனால் இளம்பிராயத்திலேயே தோன்றி, பல ஆண்டுகள் உடன் வரும் நோய்களும் உள்ளன. முதல் வகை நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு நோய் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. முதல் வகை நீரிழிவு உடையவரின் உடலில் இன்சுலின் சுரப்பது அறவே குன்றிவிடுகிறது. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்று மருந்து இருக்கிறது. ஆயினும், மருந்து கிடைப்பது வேறு, அதனை நாள் தவறாமல் முறைப்படி பயன்படுத்துவது வேறு.

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 5-8-2021 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கும் முறை இதனால் ஏற்பட்டது. எனினும் நம் எல்லைப்புற இளைஞர் பகலில் வீட்டில் இருப்பது அரிது. ஒருவர் ஓசூர்த் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்ப்பார். மற்றொருவர் அத்திப்பள்ளிக்கோ பொம்மசந்திராவுக்கோ பஸ் ஏறிச் செல்வார். வேறொருவர் வெளிமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பார். ஆனால் இவர்கள் அனைவரும் மாதம் ஒருமுறையேனும் மருந்துக் கடைக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து வழங்குமிடத்துக்கோ வந்தே தீரவேண்டும். ஆகவே இவர்களை அடிக்கடி காண்பவர் மருந்தாளுநரே.

மருந்தாளுநர் வெறும் விற்பனையாளர் அல்லர். 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி பதிவு பெற்றவரே மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கலாம். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிக் கூறுவதும் அவர் கடமையே என்பதை 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் வலியுறுத்துகின்றன.

மருந்தாளுநர் செய்யத்தக்கவை

1. மருந்தும் சிரிஞ்சும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல்: நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், 100 யூனிட் என இருவகை அடர்த்தியில் கிடைக்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சும் பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் உரியவை. 100 யூனிட் வகை மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை எடுத்தால், உடலுள் செல்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரும். மாறாக, 40 யூனிட் வகையை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 8 யூனிட்டே செல்லும். பூச்சிமருந்தின் அளவு மாறினால் பயிர் என்னாகும் என்பதை உழவர் நன்கறிவர். இங்கே பயிர் நம் பிள்ளை. ஒரு மாதம் ஓசூரிலும் மறு மாதம் எல்லைக்கு அப்பாலும் மருந்து வாங்குவோர், பழைய குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

2. பாதுகாக்கும் முறையைக் கற்பித்தல்: ரோஜாவைக் குளிர் அறையில் வைத்துச் சந்தைக்கு அனுப்பும் ஓசூர் வட்டாரத்தாருக்கு இது புதிதன்று. திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்கவேண்டும். உறைந்துபோன மருந்து பயனற்றது. ஆகையால் ஐஸ் பெட்டியில் வைத்தல் ஆகாது. திறந்த குப்பியை, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், பொதுவாக நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம்.

3. ஆஸ்துமா மருந்துகளின் வேறுபாட்டை உணர்த்துதல்: மூச்சுத் திணறலை உடனே தணிக்கும் இன்ஹேலர் ஒன்று, நோய் வராமல் தடுக்க நாள்தோறும் இழுப்பது மற்றொன்று. ஒருவர் முன்னதை மட்டும் அடிக்கடி வாங்கி, பின்னதை வாங்காதிருப்பாராயின், நோய் கட்டுக்குள் இல்லை என்று மருந்தாளுநர் அறிந்து அவரை மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

4. வலிப்பு மாத்திரையை நிறுத்தவிடாமை: வலிப்பு வந்து பல மாதங்கள் ஆயின என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தினால், கடும் வலிப்பு மீண்டும் தோன்றக்கூடும். தூக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும். எனவே இரவு ஷிப்டு பார்ப்போர் அதனை மருத்துவரிடம் கூறவேண்டும்.

5. வராதவரை நினைவுகூர்தல்: மாதந்தோறும் வருபவர் இம்மாதம் வரவில்லையெனில், அவர் விருப்பத்தை முன்பே பெற்றுத் தொலைபேசியில் விசாரிக்கலாம். முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினைச் சில நாள் விட்டாலும் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு ஆகியவை கண்டு மயங்கிவிழ நேரும். இன்சுலினுக்கு ஈடாகக் கஷாயமோ பத்தியமோ இல்லை.

மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. மருந்தாளுநர் அதில் தலையிடலாகாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

கிராமசபைக் கூட்டத்திற்கு மருந்தாளுநரையும் சுகாதாரத் தன்னார்வலரையும் அழைத்து, மேற்கூறியவற்றைத் தமிழிலும், தேவையான ஊர்களில் தெலுங்கு, கன்னட மொழிகளிலும் விளக்கச் செய்யலாம். 24-2-2025 அன்று தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பெற்றன. குறைந்த விலையில் மருந்து கிடைக்கும் இடங்களையும், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பவற்றையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

பள்ளிகளில் முதலுதவியும் கற்பிக்கவேண்டும். நீரிழிவுள்ள பிள்ளைக்கு நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் கண்டால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து உடனே கொடுக்கவேண்டும். 15 நிமிடத்தில் தேறாவிடில் மறுபடியும் கொடுக்கவேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், 108க்கு அழைக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. இன்னாருக்கு இன்ன நோய் என்று பெயர்ப்பட்டியல் எழுதிச் சபையில் படித்தல் கூடாது. திருமணம் தடைப்படும், வேலை போய்விடும் என்றஞ்சியே பல இளைஞர், குறிப்பாகப் பெண்கள், நோயை மறைக்கின்றனர். மறைப்பவர் மருந்தையும் விட்டுவிடுகின்றனர். கடையில் பிறர் காதில் விழாமல் பேச ஒரு மூலையேனும் ஒதுக்குமாறு உரிமையாளரைப் பஞ்சாயத்தார் கேட்டுக்கொள்ளவேண்டும். ஊரார் ஏளனம் ஒழிந்தால், மருந்து ஒழுங்காக உள்ளே செல்லும். நம் பிள்ளைகளும் தடையின்றிப் படிப்பர், உழைப்பர், வாழ்வர்.