ஓவியமும் நகலும்

வீட்டுச் சுவரிலோ பள்ளி மண்டபத்திலோ மாட்டுவதற்குப் பழைய இயற்கைக் காட்சி ஓவியம் ஒன்றின் நகலை வாங்க விழைகிறோம். சட்டமிட்ட படத்தின் கீழ் 'அருங்காட்சியகத் தரம்' என்று எழுதியிருக்கிறது, விலையும் மிகுதி. அச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்கலாமா? நம் பினாங்கின் ஓவியங்களைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

கிழக்கிந்தியக் கும்பினியின் பொறியியல் அதிகாரியான கேப்டன் இராபர்ட் ஸ்மித், பினாங்குத் தீவின் காட்சிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவற்றுள் பத்தினை ஆங்கில ஓவியர் வில்லியம் டேனியல் செப்புத் தகட்டில் ஏற்றி, 1821இல் இலண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். இந்த டேனியல் நமக்கு அயலவர் அல்லர். 1792இல் தமிழகத்தில் பயணம் செய்து, தஞ்சைப் பெரிய கோவிலையும் பாபநாசம் அருவியையும் வரைந்த இருவருள் அவரும் ஒருவர்.

அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடேற்றி ஒட்டச் செய்வர்; பின்பு அமிலத்தில் தோய்ப்பர். தூளின் இடைவெளிகளை அமிலம் அரிக்கும். நெடுநேரம் அரிக்கப்பட்ட பகுதி மிகுந்த மையை ஏற்றுக் கருமையாகவும், சிறிது நேரம் அரிக்கப்பட்ட பகுதி வெளிறியும் அச்சாகும். அதன்மேல் கையால் வண்ணம் தீட்டுவர். ஆகவே, 1821இல் வெளிவந்த படங்களும் நகல்களே. நகல் என்பது இழிவன்று. நகலை மூலம் என்று கூறி விற்பதே குற்றம்.

'அருங்காட்சியகத் தரம்' என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஏதுமில்லை. எனவே, வாங்குவோர் நான்கினை நோக்குதல் வேண்டும். முதலாவது, படத்தின் ஓரங்கள் வெட்டப்படாமல் முழுமையாக உள்ளனவா? இரண்டாவது, தாள் அமிலமற்றதா? அமிலமுள்ள தாள் சில ஆண்டுகளில் பழுப்பேறும். மூன்றாவது, மை எளிதில் வெளுக்காததா? உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், மலிவான அச்சில் பல நிறப் புள்ளிகள் ஒழுங்காக அமைந்திருப்பது தெரியும். நான்காவது, சட்டத்தின் கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விட்டுள்ளதா? தொட்டால், நம் நாட்டு ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படும் சுவரிலும் மாட்டலாகாது.

வாங்கிய படத்தை எவ்வாறு காண்பது? பத்துப் படங்களுள் ஒன்று, குளுகோர் மாளிகையும் நறுமணப் பயிர்த் தோட்டமும் பற்றியது. அதன் தலைப்பில் மாளிகை உண்டு, தோட்டம் உண்டு, அங்குப் பாடுபட்டோரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓவியர் தாம் நின்ற இடத்திலிருந்து கண்டதையே வரைவார். அதே நிலத்தை நிரையிலே நின்று கண்டவர்களும் இருந்தனர் அல்லவா?

மாணவர்களே! பால்மரம் சீவிய தாத்தா பாட்டியர் உங்கள் வீட்டில் இருப்பின், விடியற்காலையில் தோட்டம் எவ்வாறு இருந்தது என்று கேளுங்கள். லயம், கிணறு, கோவில், ஒற்றையடிப் பாதை ஆகியவற்றை அவர்கள் சொல்லச் சொல்ல வரையுங்கள். விலை கொடுத்து வாங்கிய நகலுக்கு அருகில் அதனையும் சட்டமிட்டு மாட்டுவோம். அதற்கு வேறெங்கும் மூலம் இல்லை. உங்கள் கை வரைந்ததே மூலம்.