எல்லாவற்றுக்கும் நாலு போடலாமா?

அன்புள்ள மருமகளுக்கு,

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மாணவர் திருப்தி சர்வே உன் மெயிலுக்கு வந்திருக்கிறது என்றும், 'எல்லாத்துக்கும் நாலு போட்டுடுங்க' என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஏழு வருஷம் கல்லூரியில் ஐ.க்யூ.ஏ.சி. என்கிற உள்தர உறுதிப் பிரிவின் வேலையைத் தலையில் சுமந்தவன் நான்; என்னிடம் கேட்டால் பதில் நீளும்.

நாக் 1994-இல் பெங்களூருவில் தொடங்கியது. முன்பெல்லாம் அவர்கள் குழு வருகிறதென்றால் கல்லூரி கல்யாண வீடுதான். சுவருக்கு வெள்ளை, வாடகைப் பூந்தொட்டி, மேஜை நிறைய ஃபைல். 2017-இல் முறை மாறியது. பெரும்பகுதி மதிப்பெண் எண்ணிக்கைத் தகவலுக்குப் போனது. அதைக் கல்லூரி ஆன்லைனில் ஏற்ற வேண்டியிருந்தது, வெளியாட்கள் சரிபார்த்தார்கள், குழு நேரில் வந்தது அதற்குப் பிறகுதான். இனி பூந்தொட்டிக்கு மவுசு இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

பூந்தொட்டி வேறு உருவில் வந்தது. நிகழ்ச்சி நடந்ததற்குச் சான்றாக ஜியோடேக் போட்டோ வேண்டும் அல்லவா? ஒரு கருத்தரங்கில் பேனரைக் கட்டி, பிள்ளைகளை முன்வரிசையில் நெருக்கி உட்காரவைத்துப் படம் எடுத்தோம். ஓரத்தில் தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பளிச்சென்று விழுந்தது. படம் எடுத்த கையோடு பின்வாசல் வழியாகப் பாதிப்பேர் நழுவிவிட்டார்கள். பேச வந்தவர் அப்போதுதான் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை ஏற்றியவன் நானேதான்.

அதற்காகக் கம்ப்யூட்டரைத் திட்டமாட்டேன். இன்டர்னல் தேர்வு மதிப்பெண்ணை மொத்தமாகப் போடாமல் கேள்வி வாரியாக எக்செல்லில் போடச் சொன்னபோது நானே முணுமுணுத்தேன். போட்டுப் பார்த்தால், இரண்டாம் யூனிட்டின் ஒரு கேள்விக்கு நேரே வரிசையாகச் சுழியம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் சுழியம். கோளாறு அவர்களிடம் இல்லை, நான் நடத்திய விதத்தில். அடுத்த திங்கட்கிழமையே அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். தரம் என்ற சொல்லுக்கு நான் கண்ட அர்த்தம் அந்த ஒரு திங்கட்கிழமைதான். செமஸ்டர் முடிந்து ரிசல்ட் வந்தபின் அதே கணக்கைப் போட்டிருந்தால் அறிக்கைக்கு ஒரு வரைபடம் கிடைத்திருக்கும், அவ்வளவே.

இப்போது உன் சர்வே. முதல் கேள்வி, வகுப்பில் எவ்வளவு பாடம் முடித்தார்கள் என்பது. 85 சதவீதத்துக்கு மேல் என்றால் 4, 30-க்குக் கீழே என்றால் 0. கண்ணை மூடிக்கொண்டு நாலு போடாதே; நோட்டையும் சிலபஸையும் பக்கத்தில் வைத்து யூனிட்டை எண்ணிப் போடு. பிடிக்காத ஆசிரியரைப் பழிவாங்கவும் அது இடமில்லை.

கடைசிக் கேள்வியில் யோசனை எழுத இடம் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் 'குட்' என்று முடித்துவிடுவார்கள். போன மாசம் போனில் புலம்பினாயே, லேப்பில் நாலு பேருக்கு ஒரு சிஸ்டம், அதிலும் மவுஸ் வேலை செய்யாது என்று? அதை அப்படியே எழுது.

அன்புடன்,
மாமா