நம் வயல் அரிசியில் கறிமசால் சேவைப் பிரட்டல்



பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மாலைச் சிற்றுண்டிக்கு இன்று முதலில் கேட்பது மசாலா நூடுல்ஸ். நன்னிலம் வட்டாரக் கிராமங்களிலும் இதே நிலைதான். வீட்டு அறையில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. அடுப்பில் வேகுவதோ கடையிலிருந்து வாங்கிய மைதா மாவு. நெல்லை விற்ற பணத்தில் ஒரு பங்கு இப்படிப் பொட்டலமாக வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

உடனடி நூடுல்ஸை 1958ஆம் ஆண்டு ஜப்பானில் மோமோபுகு ஆண்டோ என்பவர் உருவாக்கினார். இந்தியச் சந்தைக்கு 1983இல் மேகி நூடுல்ஸ் வந்தது. இவ்வகை நூடுல்ஸில் பெரும்பாலானவை மைதாவில் செய்து, எண்ணெயில் பொரித்து ஈரம் போக்கப்பட்டவை. உடன் வரும் மசாலாத் தூளில் உப்பு அதிகம். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எப்போதாவது ஒரு நாள் உண்பதால் கேடில்லை. அன்றாடப் பழக்கமாகும்போதுதான் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் விரும்புவது அந்த இழையையும் மசாலா மணத்தையும்தான். இரண்டையும் நம் வீட்டு அரிசியிலேயே தர முடியும். அதன் முறையை இப்பாடத்தில் காண்போம்.

அரிசி நூடுல்ஸ் நமக்குப் புதிதன்று

சேவை, சந்தகை, இடியாப்பம் ஆகிய மூன்றும் அரிசி நூடுல்ஸ் இனத்தைச் சேர்ந்தவையே. மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் சீனர் கொண்டுவந்த அரிசி இழையைப் 'பீஹூன்' என்கிறார்கள். அதை எண்ணெயில் பிரட்டினால் 'பீஹூன் கோரிங்'. கோரிங் என்ற மலாய்ச் சொல்லுக்கு எண்ணெயில் வறுத்தது அல்லது பொரித்தது என்று பொருள். ஹாங்காங் உணவகங்களில் 'சிங்கப்பூர் நூடுல்ஸ்' என்ற பெயரில் கிடைப்பதும் கறிப்பொடி சேர்த்துப் பிரட்டிய அரிசி இழையே.

நம் பகுதிக்கும் அந்நாடுகளுக்கும் பழைய தொடர்பு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா போன்ற கப்பல்களில் பினாங்குக்குச் சென்றவர்கள் பலர். கூத்தாநல்லூர், நாகூர் வீடுகளில் இன்றும் அந்த உறவு தொடர்கிறது. நாம் அன்றாடம் உண்ணும் பொன்னி அரிசியின் மூலமான மாசூரி நெல்லும் மலேயாவிலிருந்து வந்ததே. ஆகவே சேவையில் கறிமசால் சேர்த்துப் பிரட்டுவது நம் வீட்டுக்கு அந்நியமான சமையல் அல்ல.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், நன்னிலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பண்ணை மகளிர் பயிற்சியின்போது இதைச் செய்து காட்ட முற்பட்டேன். அப்போதுதான் அறுவடையான குறுவை நெல்லை அரைத்து, அந்தப் புதுப் பச்சரிசியை எடுத்துக்கொண்டேன். பிழிந்த சூட்டோடு சேவையை வாணலியில் கொட்டிக் கிளறினேன். அது இழையாக நிற்காமல் களியாகத் திரண்டுவிட்டது.

வந்திருந்த மூத்த அம்மையார் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நெல்லைப் பத்திப் பாடம் எடுக்கிறீங்க, புது அரிசியில சேவை வராதுன்னு தெரியாதா? பழைய புழுங்கலரிசியைப் போடுங்க. பிழிஞ்சதை ஆறவிடுங்க" என்றார். அவர் சொன்னபடி மறுவாரம் செய்தபோது இழை இழையாக வந்தது. அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களுக்குள் இந்தச் சமையலின் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அரிசியைத் தேர்ந்தெடுத்தல்

அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு வகைகள் உள்ளன. அமைலோஸ் மிகுந்த அரிசி வெந்து ஆறியதும் இறுகி உதிரியாக நிற்கும். அமைலோஸ் குறைந்த அரிசி குழைந்து ஒட்டும். நூடுல்ஸ் இழைக்கு முதல் வகையே ஏற்றது.

உங்கள் வீட்டு அரிசி எவ்வகை என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு கைப்பிடி அரிசியை வடித்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் தொட்டுப் பாருங்கள். பருக்கைகள் தனித்தனியாகப் பிரிந்து சற்றே விறைப்பாக இருந்தால் அந்த அரிசி சேவைக்கு உகந்தது. விரலில் ஒட்டினால் அதைச் சோற்றுக்கும் பொங்கலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிப் படுகையில் இட்லிக்கென்று எடுத்துவைக்கும் குண்டு ரகங்களான ஆடுதுறை 37, சி.ஆர். 1009 ஆகியவற்றின் புழுங்கலரிசியை இதற்குப் பயன்படுத்தலாம். ஆடுதுறை 37 சுமார் 105 நாள் வயதுடைய குறுகியகால ரகம். சி.ஆர். 1009 சம்பாவுக்கு ஏற்ற நீண்டகால ரகம்.

நெல்லின் பழமையும் முக்கியம். அறுவடைக்குப் பின் ஐந்தாறு மாதங்கள் இருப்பில் இருந்த நெல்லின் அரிசி, வேகும்போது நீரை அதிகம் ஏற்கும். ஒட்டும் தன்மை குறைந்திருக்கும். தை மாதம் அறுவடையான சம்பா நெல் ஆடி மாதத்தில் இதற்குத் தயாராகிவிடும். வீட்டுக்கென நிறுத்திவைக்கும் நெல்லை 12 முதல் 13 சதவீத ஈரப்பதத்திற்கு உலர்த்திய பின்னரே மூட்டை கட்ட வேண்டும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடித்து, அரிசியில் வாடை ஏறும்.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

சேவைக்கு: பழைய புழுங்கலரிசி 400 கிராம், நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி.

கறிமசால் பொடிக்கு: கொத்தமல்லி விதை 4 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி.

பிரட்டுவதற்கு: கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு துண்டு, மெல்லியதாக நறுக்கிய கோஸ், கேரட், அவரை ஆகியவை சேர்த்து 250 கிராம், முளைகட்டிய பச்சைப்பயறு 2 கைப்பிடி, கறிவேப்பிலை, எலுமிச்சம்பழம் அரை மூடி. விரும்புவோர் 2 முட்டை சேர்க்கலாம்.

சேவை பிழிதல்

1. அரிசியைக் கழுவி 4 முதல் 5 மணி நேரம் ஊறவைக்கவும்.

2. நைஸாக அரைத்து, இட்லி மாவுப் பதத்தில் எடுக்கவும். உப்பும் நல்லெண்ணெயும் கலக்கவும். மாவைப் புளிக்க விடலாகாது.

3. இட்லித் தட்டில் ஊற்றி 12 முதல் 15 நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். ஈர விரலால் தொட்டால் மாவு ஒட்டக் கூடாது.

4. சூடாக இருக்கும்போதே சேவை நாழியில் இட்டுப் பிழியவும். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் எடுக்காமல், ஒவ்வொன்றாகப் பாத்திரத்திலிருந்து எடுத்துப் பிழிவது நலம்.

5. பிழிந்ததை அகன்ற தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி ஒரு மணி நேரம் ஆறவிடவும். பின்னர் எண்ணெய் தொட்ட விரல்களால் உதிர்த்துக்கொள்ளவும்.

வெந்த மாவிலுள்ள அமைலோஸ் ஆறும்போது ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. இதனால்தான் ஆறிய மாவு நாழியில் இறங்க மறுக்கிறது. ஆறிய இழை வாணலியில் உடையாமல் நிற்கிறது. 'சூட்டில் பிழி, ஆறிய பின் பிரட்டு' என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பிரட்டும் முறை

கொத்தமல்லி முதல் மிளகாய் வரை உள்ள மசாலாச் சரக்குகளைச் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஆறியதும் மஞ்சள் தூள் சேர்த்துப் பொடிக்கவும்.

இரும்பு வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, வெங்காயம் இவற்றை வதக்கவும். காய்களைப் போட்டு, தீயைக் கூட்டி 3 நிமிடம் கிளறவும். காய் அரை வேக்காட்டில் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். முட்டை சேர்ப்பதானால் காயை ஓரத்தில் ஒதுக்கி, நடுவில் ஊற்றி உதிர்த்து முழுமையாக வேகவைக்கவும். முளைப்பயறைச் சேர்த்து மேலும் 2 நிமிடம் நன்கு சூடேற வதக்கவும்.

இப்போது தீயைக் குறைத்து, கறிமசால் பொடியில் 3 தேக்கரண்டி தூவி, அரை நிமிடம் எண்ணெயில் புரளவிடவும். மசாலாவின் மணமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில்தான் நன்கு கரையும். சேவை மீது வெறும் பொடியைத் தூவினால் பச்சை வாடை அடிக்கும். பின்னர் 2 மேசைக்கரண்டி நீர் தெளித்து, காய்க்கு மட்டும் அளவாக உப்பிடவும்.

இறுதியாகச் சேவையைப் போட்டு, இரண்டு தோசைத் திருப்பிகளால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிரட்டவும். 3 நிமிடம் போதும். அடுப்பை அணைத்த பின் எலுமிச்சைச் சாறு பிழியவும். வாணலி சிறிதாயின் இரண்டு தடவையாகச் செய்யவும். ஒரே தடவையில் நிறைத்தால் சூடு தணிந்து, இழை ஒட்டிக்கொள்ளும்.

பயறு சேர்ப்பது ஏன்?

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது மிகுதி. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. பச்சைப்பயறை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி ஒரு நாள் வைத்தால் முளை விடும். முளைக்கும்போது வைட்டமின் சி சத்தும் உண்டாகிறது.

இப்பயறும் நம் வயலில் விளைவதே. சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாட்கள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ விதையைத் தூவி நெல் தரிசில் பயறு எடுப்பது நமக்குத் தெரிந்த சாகுபடி. அந்த விளைச்சலில் ஒரு மரக்கால் வீட்டுக்கென ஒதுக்குங்கள்.

தவறும் திருத்தமும்

சேவை களியானால்: அரிசி புதிது, அல்லது ஆறவிடாமல் பிரட்டியிருக்கிறீர்கள்.

இழை துண்டு துண்டானால்: மாவு கொரகொரப்பாக அரைபட்டிருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை.

பிழிய வராவிட்டால்: மாவு ஆறிவிட்டது. மீண்டும் ஆவியில் 5 நிமிடம் சூடேற்றிப் பிழியவும்.

மசாலா கசந்தால்: வெந்தயம் கருகிவிட்டது, அல்லது பொடி இட்டபோது தீ அதிகம்.

எச்சரிக்கை

வெந்த அரிசி உணவைக் கோடை வெப்பத்தில் வெளியே நெடுநேரம் வைக்கலாகாது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துக்கள் ஆவியில் வெந்தபின்பும் உயிரோடிருந்து பெருகக் கூடும். அது உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடேற்றினாலும் அழிவதில்லை. எனவே பிழிந்த 2 மணி நேரத்திற்குள் பிரட்டி உண்டுவிட வேண்டும். மறுநாளைக்கு வேண்டுமாயின் ஆறியவுடன் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். சர்க்கரை நோயுள்ளவர்கள் சேவையின் அளவைக் குறைத்து, காயும் பயறும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அவசரத்திற்கு ஒரு வழி

நாள்தோறும் அரைத்துப் பிழிய நேரமிருக்காது என்பது உண்மையே. கோடையில் ஒரு நாள் கூடிப் பிழிந்து, மெல்லிய துணி போர்த்தி, ஒடித்தால் 'படக்' என்று முறியும் வரை வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடலாம். வேண்டும்போது கொதிநீரில் போட்டு, மென்மையானதும் வடித்து, ஆறவிட்டுப் பிரட்டலாம். 15 நிமிடத்தில் சிற்றுண்டி தயார்.

மகளிர் குழுக்கள் இதையே சிறு தொழிலாகவும் செய்யலாம். விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம். பயிற்சி குறித்து நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

உழவர் பெருமக்களே! ஒரு மாதம் உங்கள் வீட்டில் வாங்கும் நூடுல்ஸ் பொட்டலங்களின் விலையைச் சுவரில் எழுதிவாருங்கள். மாத முடிவில் அதைக் கூட்டி, அத்தொகைக்கு எத்தனை கிலோ நெல் விற்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கறிமசால் சேவையைச் செய்து பிள்ளைகளுக்குப் பரிமாறுங்கள். எது வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். அடுத்த அறுவடையில் வீட்டுக்கென இரண்டு மூட்டை குண்டு நெல்லை நிறுத்திவைக்க மறவாதீர்கள்.