மின்கம்பி வழியே ரகசிய எண்ணைக் கெடுக்க முடியுமா?

கேள்வி: பெங்களூருவில் ஏ.டி.எம். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. தினமும் ரயிலில் போய்வருகிறேன். இயந்திரத்திலுள்ள சிப்பைத் திறக்காமல், மின்கம்பி வழியாகவே அதன் ரகசிய எண்ணைப் பலவீனமாக்கலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். சிப் தரும் எண்கள் தாறுமாறாகத்தானே இருக்கின்றன, பிறகு எப்படி?
— வாசகர், பாலகாட், கோலார் தங்கவயல்

பதில்: நல்ல கேள்வி, ஐயா. உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான்.

தாறுமாறாகத் தெரிந்தால் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். பை என்ற எண்ணின் தசம இலக்கங்களைப் பாருங்கள். ஒழுங்கே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் யார் கணக்கிட்டாலும் அதே வரிசைதான் வரும். ரகசிய எண்ணுக்கு வேண்டியது, அடுத்தது என்னவென்று எவராலும் சொல்ல முடியாத தன்மை.

அது இயற்கையில் உண்டு. 1965-ல் உங்கள் ஊர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து நியூட்ரினோ என்ற துகளின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். அடுத்த துகள் எந்த நொடியில் சிக்கும் என்று அவர்களாலும் சொல்லியிருக்க முடியாது. சிப்புக்குள் அத்தகைய தன்மையைத் தருவது வெப்பம். பல சிப்புகளில் வளைய அலையியற்றி என்ற சுற்று இருக்கும்: 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் திருப்பும் வாயில்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாக இணைத்தால், அது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். வெப்பத்தால் ஒவ்வொரு சுழற்சியும் துளி முந்தும், துளி பிந்தும். இந்தத் தடுமாற்றத்தை அளந்துதான் எண் உருவாகிறது.

தாக்குதலும் அங்கேதான் நடக்கிறது. ஒரே சட்டத்தில் தொங்கவிட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒரே கதிக்கு வந்துவிடுவதை 1665-ல் விஞ்ஞானி ஹைகன்ஸ் கண்டார். அதுபோல, மின்வழங்கலில் பொருத்தமான அதிர்வெண்ணைக் கலந்தால் வளையங்கள் அதோடு பூட்டிக்கொள்ளும், தடுமாற்றம் அடங்கிவிடும். 2009-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மார்க்கெட்டோஸ், மூர் இருவரும் இதைச் செய்தே காட்டினார்கள். ஒரு பாதுகாப்பு சிப்பில் 2-இன் 64-ஆம் அடுக்கு, அதாவது கோடி கோடிகளில் இருக்க வேண்டிய வாய்ப்புகள் 3,300 ஆகச் சுருங்கின. 2004-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வங்கி அட்டையும் இதற்குத் தப்பவில்லை.

இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஒன்று. எண்ணுக்கு மூலமான இந்தத் தடுமாற்றம் செத்துப்போன பிறகும், அதன் மேல் ஓடும் கலக்கிக் குழப்பும் கணக்கு அழகான எண்களையே தந்துகொண்டிருக்கும். கடைசியில் வரும் எண்ணைச் சோதித்தால் பழுது தெரியாது. எனவே கலக்குவதற்கு முந்தைய மூல பிட்டுகளையே, இயந்திரம் ஓடும்போதே, தொடர்ந்து சோதிக்க வேண்டும். ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா, ஒன்று மட்டும் மிகுகிறதா என்று பார்க்கும் இரு சோதனைகளை அமெரிக்கத் தர நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி கேட்கிறது. மின்வழங்கலை வடிகட்டுவதும், வெவ்வேறு மூலங்களைக் கலப்பதும் உதவும். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ஊர்பசி சின்ஹா குழுவினர் ஒற்றை ஒளித்துகள்களிலிருந்து எண் எடுத்து, அது கணிக்க முடியாததுதான் என்று இயற்பியல் விதியைக் கொண்டே சான்றளிக்கும் வழியை ஆராய்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கைக்கு எட்டியது ஒன்று உண்டு. இயந்திரத்தின் மின்வழங்கியில் பழக்கமில்லாத இணைப்பு எதையாவது கண்டால், கழற்றி எறிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். படம் எடுத்து, வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.